கரடி ஏறிய பாலை மரம்

யாழ்ப்பாணம்
ஆடி மாதம்

அன்புள்ள வதனிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமைக்கு மேலாகிவிட்டது. உடனே பதில் போடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். முதலில் உன் முழங்கால் எப்படி? சத்திரசிகிச்சைக்குப் பிறகு படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். மகள் வேலைக்குப் போகிறாள் என்று வாசித்துக் காட்டியபோது அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு 84 முடிந்துவிட்டது. கண் கொஞ்சம் மங்கல். ஆனாலும் முற்றத்தைத் தானே கூட்டினால்தான் அவருக்கு விடிந்த மாதிரி இருக்கும். உங்கள் பின்வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை கொப்பு முறியக் காய்த்தது. இப்போது அங்கே இருப்பவர்கள் நல்ல சனம், ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தார்கள். உன்னை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நானும் சாந்தியும் முதுகில் ஆளுக்கொரு பையைப் போட்டுக்கொண்டு 5 நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தோம். வில்பத்துக் காட்டுக்குள் போனோம். அங்கே நான் கரடி கண்டேன், வதனி. பாலை மரத்தில் ஏறியிருந்து பழம் தின்கிற கரடி.

இதை வாசித்ததும் உனக்கு மல்லாவி ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அந்த இடத்திலேயே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பங்குனியில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றேன். இவ்வளவு காலமாகப் புவியியல் படிப்பித்தவள். இலங்கைப் படத்தில் வடமேற்கு மூலையைப் பச்சையாக்கி ‘வில்பத்து, 1317 சதுர கிலோமீற்றர், நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா’ என்று எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். எங்கள் குடாநாட்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். ஆனால் நேரில் கண்டதில்லை. 1988 இல் பூங்காவை மூடினார்கள், 2003 இல் திறந்தார்கள், இடையில் மறுபடி மூடி 2010 இல்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் எனக்குப் பள்ளிக்கூடம், அம்மா, ஏதோ ஒன்று. ஓய்வு பெற்ற அன்று பின்னேரம் சாந்தி வந்து, “இனி என்ன சாட்டு?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

வான் பிடித்துப் பத்துப் பேராகப் போகலாம் என்று தம்பி சொன்னான். சாந்தி வேண்டாம் என்றுவிட்டாள். பத்துப் பேர் போனால் சமைக்கிறதும் பாத்திரம் கழுவுகிறதும் எங்கள் தலையில்தான் விழும் என்பது அவள் அனுபவம். இரண்டு பேர், இரண்டு பை, பஸ்ஸில் போவது, கிடைத்த இடத்தில் தங்குவது என்று முடிவெடுத்தோம். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். 58 வயதில் இரண்டு பொம்பிளைகள் தனியக் காட்டுக்குப் போகிறார்களாம் என்று கோயிலடியில் கதை. அம்மாதான், “போயிட்டு வாங்கோ பிள்ளையள், நான் தங்கச்சி வீட்டை நிக்கிறன்” என்று சொல்லி என் பைக்குள் பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் வைத்தார். அந்த வடை 5 நாளும் கெடாமல் இருந்தது. நீயும் உன் பைக்குள் அதைத்தான் வைக்க வேண்டும்.

விடிய 5 மணி பஸ். ஆனையிறவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் உப்பளம் வெளிச்சத்தில் பளபளத்தது. வன்னியில் பிடித்த யானைகளை இந்தக் களப்பைக் கடத்திக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும். அதனால்தான் அந்தப் பெயர். யானையே இல்லாத ஊரில் வளர்ந்த எங்களுக்கு வாசல் யானையின் பெயரில் இருக்கிறது. இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பஸ் ஜன்னலால் பார்க்கும்போதுதான் அந்த யானைகள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கும் என்று யோசித்தேன்.

அநுராதபுரத்தில் இறங்கிப் புத்தளம் பஸ் ஏறினோம். வில்பத்துச் சந்தியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பூங்கா வாசலான ஹுனுவிலகமவுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர், ஓட்டோவில் போனோம். வாசலுக்குக் கிட்ட ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். வீட்டுக்கார அம்மா பலாக்காய்க் கறியும் சம்பலும் தந்தார். சாந்திக்குச் சிங்களம் நன்றாக வரும், எனக்குக் கேட்டால் விளங்கும். அது போதுமாக இருந்தது.

அடுத்த நாள் முழுநாளுக்கும் ஜீப் பேசினோம். பூங்கா காலை 6 மணிக்குத் திறந்து பின்னேரம் 6 மணிக்கு மூடுகிறது. அரைநாள் போகிறவர்களும் உண்டு. நீ வந்தால் முழுநாள்தான் எடுக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாசலிலிருந்து வில்லுகள் என்கிற காட்டுக் குளங்களுக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும், அரைநாள் என்றால் ஓடிப்போய் ஓடிவருவதுதான். சாரதிக்கு முப்பது வயதிருக்கும். எங்களை அம்மா என்றுதான் கூப்பிட்டான். நிறத்துணி உடுக்க வேண்டாம், வாசனை ஒன்றும் பூச வேண்டாம், தலைக்கு ஒரு துணி கட்டுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். தலைத்துணி நல்லதாகப் போயிற்று. செம்புழுதி, வதனி! உரும்பிராய்த் தோட்டத்து மண்ணை அள்ளிப் பாதையில் கொட்டிய மாதிரி. கீழே இருப்பதும் எங்கள் சுண்ணக்கல்தான், புத்தளத்திலிருந்து வலிகாமம் வரைக்கும் போகிற அதே மயோசீன் காலச் சுண்ணக்கல். அந்நிய இடத்துக்கு வந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

மரங்களும் தெரிந்த மரங்கள். பாலை, வீரை, முதிரை, கருங்காலி. ஒவ்வொன்றையும் சாரதி சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பாலையை அவர்கள் பலு என்கிறார்கள், வீரையை வீர. மதியம் இறங்கி நின்று சாப்பிடவிடும் இடத்துக்குக் கும்புக் வில என்று பெயர். கும்புக் என்றால் எங்கள் மருதமரம். தண்ணீர்க் கரையில் வேரைத் தொங்கவிட்டுக்கொண்டு பெரிய பெரிய மருதுகள் நிற்கின்றன. பணிக்கர் வில்லு என்று இன்னொன்று. அந்தப் பெயரைக் கேட்டதும் யானை பிடிக்கிற பணிக்கர்மாரும் ஆனையிறவும் நினைவுக்கு வந்து, முதல்நாள் பஸ்ஸில் யோசித்தது அங்கே வந்து சேர்ந்தது.

வில்லு என்றால் என்ன என்று உன் மகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் இப்படிச் சொல்: யாரும் கட்டாத குளம். அணையும் இல்லை, மதகும் இல்லை. பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும், சுற்றிவர மணல், அதற்கு வெளியே புல்வெளி, அதற்கப்பால் காடு. மாரியில் நிரம்பும், கோடையில் வற்றிச் சுருங்கும். சுருங்கச் சுருங்க மிருகங்கள் எல்லாம் அதைச் சுற்றி வரும். சில வில்லுகளில் தண்ணீர் உவர். எங்கள் கிணறுகளைப் போல.

காலையில் ஒரு வில்லங்கரையில் ஜீப்பை நிறுத்தி எஞ்சினையும் அணைக்கச் சொன்னேன். சாரதிக்கு ஆச்சரியம், எல்லாரும் ஓட்டச் சொல்லுவார்களாம். ஒரு மணித்தியாலம் இருந்தோம். முதலில் ஒன்றுமே இல்லை என்றுதான் தெரிந்தது. பிறகு கட்டை என்று நினைத்தது முதலையாகியது. புல்லின் நிறத்திலேயே புள்ளிமான்கள் நின்றன. மரத்தில் மந்திகள் இலையைப் பிய்த்துப் பாதியைத் தின்று பாதியைக் கீழே போட, மான்கள் அதைப் பொறுக்கித் தின்றன. மேலே இருக்கிற மந்திக்குத் தூரம் தெரியும், கீழே நிற்கிற மானுக்கு மணம் தெரியும். சிறுத்தை வந்தால் எது முதலில் கண்டாலும் கத்தும், மற்றது தப்பும். ஒன்றுக்கொன்று காவல். ஒரு எருமைக்கூட்டம் வந்து சேற்றில் படுத்தது. இருவாய்ச்சி இரண்டு எங்கள் தலைக்கு மேலால் பறந்தன, செட்டை அடிக்கிற சத்தம் பனையோலை உரசுகிற மாதிரிக் கேட்டது. சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவள் கணவர் போன பிறகு அவள் இப்படி அமைதியாக இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

சிறுத்தையும் கண்டோம். ஆனால் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. யாரோ போனில் சொல்ல, ஒரே இடத்துக்குப் பதினைந்து ஜீப் வந்துவிட்டது. பாதையை மறித்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. அது பாதையோரப் பற்றைக்குள் படுத்திருந்தது. எழும்பிப் போக வழியில்லாமல் காதை மடக்கிக்கொண்டு இங்கும் அங்கும் பார்த்தது. ஒரு ஜீப்பில் இருந்தவர்கள் அதை எழுப்ப விசிலடித்தார்கள். எனக்கு நெஞ்சு பதறியது. இந்தத் தீவில் அதற்கு மேலே வேறு வேட்டை மிருகம் இல்லை, புலி இல்லை, சிங்கம் இல்லை, அதுதான் காட்டின் தலை. அதை அப்படி மறித்து வைப்பது பிழை. நான் சொன்னதும் எங்கள் சாரதி ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துவிட்டான். அவனுக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் சிறுத்தை காட்டாவிட்டால் சிலர் காசு தர மாட்டோம் என்று சண்டைக்கு வருவார்களாம். நீ உன் பிள்ளைகளுடன் வந்தால் முதலிலேயே சொல்லிவிடு: சிறுத்தை கட்டாயமில்லை, ஓட வேண்டாம் என்று. அதைக் கேட்டதும் எங்கள் சாரதியின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் தனக்குப் பிடித்த இடங்களுக்கு எங்களைக் கொண்டுபோனான்.

அப்படிக் கொண்டுபோன பாதையில்தான் கரடி.

பின்னேரம் 4 மணி இருக்கும். பெரிய பாதையிலிருந்து விலகி ஒரு ஒடுங்கிய பாதை. அவன் ஜீப்பை நிறுத்தி மேலே கையைக் காட்டி, “வலஹா” என்றான். எனக்கு முதலில் கொப்பு ஆடுவது மட்டும் தெரிந்தது. காற்று இல்லாத நேரம், மற்ற மரங்கள் ஒன்றும் ஆடவில்லை, அந்த ஒரு பாலை மட்டும் ஆடுகிறது. பிறகு கரிய உருவம் ஒன்று. நல்ல உயரத்தில், இரண்டு கவருக்கு நடுவில் குந்தியிருந்து, நீளமான நகத்தால் கொப்பை வளைத்துத் தன் வாய்க்குக் கொண்டுவந்தது. மரம் முழுக்க மஞ்சள் பழம். அது உறிஞ்சுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கரடிக்கு மேல்வரிசையில் நடுமுன்பல் இரண்டும் இல்லை, கறையான் புற்றைக் கிளறி அந்த இடைவெளியால் உறிஞ்சித் தின்பதற்காக அமைந்த வாய். அந்த வாயால்தான் பழத்தையும் தின்றது. எங்களைப் பார்த்தது, பார்த்துவிட்டுத் திரும்பவும் தின்னத் தொடங்கிவிட்டது. அரைமணித்தியாலத்துக்கு மேல் நின்றோம், வேறு ஒரு ஜீப்பும் வரவில்லை. பிறகு அது மெல்ல, பின்பக்கமாக, ஏணியில் இறங்குகிற வயதான ஆளைப் போல ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டது.

நான் அழுதுவிட்டேன், வதனி.

1996 ஆனி உனக்கு ஞாபகம் இருக்கும். சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த 95 ஒக்ரோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தால் போய், தென்மராட்சியில் இருந்து, சித்திரையில் கிளாலியால் வள்ளம் ஏறி, வன்னியில் மல்லாவிக்குப் போய்ச் சேர்ந்திருந்தோம். நீயும் நானும் ஒரே கொட்டிலில். காலையில் மரத்தடியில் வகுப்பு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அந்த ஊர்ப் பிள்ளை, தேக்கிலையில் பொதிந்து பாலைப்பழம் கொண்டுவந்தானே. அதுதான் நாங்கள் முதல்முதல் சாப்பிட்ட பாலைப்பழம். நீ ஆசைக்கு அள்ளிச் சாப்பிட்டு, பால் ஒட்டி உதடு இரண்டும் பிரியாமல், வகுப்பெடுக்க முடியாமல் நின்றாய். அவன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தான். எங்கே பிடுங்கினாய், நாங்களும் வரலாமா என்று கேட்டதற்கு அவன் சொன்னான்: “ரீச்சர், தனியப் போகாதேங்கோ. பாலை பழுத்தால் கரடி மரத்திலைதான் நிக்கும்.”

நாங்கள் போகவில்லை. பயம். அந்த நாளில் பயத்துக்கு எத்தனையோ காரணம் இருந்தது, கரடியும் அதில் ஒன்று. சிறுத்தையைக் கண்டால் அது விலகிப் போய்விடும், கரடியைத் திடீரென்று முட்டினால் அது முகத்தைத்தான் கிழிக்கும் என்று வன்னிச் சனம் சொல்லும். ஒன்றரை வருஷம் அந்தக் காட்டுக்குள் இருந்தோம். விறகுக்குப் போனோம், தண்ணீருக்குப் போனோம், பிளேன் சத்தம் கேட்டால் மரத்துக்குக் கீழே படுத்தோம். அந்த மரம் என்ன மரம், அதில் என்ன பறவை இருக்கிறது என்று ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தோமா? புவியியல் ரீச்சராகிய நானே பார்க்கவில்லை. காடு எங்களை ஒளித்து வைத்திருந்தது, எங்களுக்குப் பழம் தந்தது, நாங்கள் அதைக் காணாமலே வெளியே வந்துவிட்டோம். வில்பத்தில் அந்த மரத்துக்குக் கீழே இருந்தபோது எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சாந்தி இதையெல்லாம் சாரதிக்குச் சிங்களத்தில் சொன்னாள். அவன் எஞ்சினை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், பலுப்பழக் காலத்தில் அவனுடைய அம்மாவும் அவனைத் தனியே காட்டுக்கு விட மாட்டாவாம். நான்கு பேராகப் போ, சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு போ, கரடிக்கு நீ வருகிறாய் என்று தெரிய வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவாவாம்.

மூன்றாம் நாள் மிகிந்தலை. பொசன் பௌர்ணமி முடிந்து சனம் குறைந்திருந்தது. 1840 படி. நான் ஏறிவிட்டேன், சாந்தி பாதியில் ஒரு அரலி மர நிழலில் இருந்துவிட்டாள். உன் முழங்காலுக்கு அது வேண்டாம். அடுத்த நாள் மதவாச்சியால் மன்னாருக்குப் போனோம். மடுத் திருவிழாவுக்குப் போகிற சனத்தால் பஸ் நிறைந்திருந்தது. மன்னாரில் ரோட்டெல்லாம் கழுதை, பள்ளிமுனையில் அந்தப் பெரிய பெருக்கமரம். அதன் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், நானும் சாந்தியும் கையை விரித்து நின்றால் ஒரு மூலைக்கும் காணாது. பூநாரை பார்க்க ஆசைப்பட்டேன், ஆனால் அதற்கு மாரிகாலத்தில்தான் வர வேண்டும். கடைசி நாள் பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தோம். முன்பு வள்ளத்துக்கு இரவிரவாகக் காவலிருந்த அந்தக் களப்பை 2011 இல் திறந்த பாலத்தால் கண் மூடித் திறக்கிறதுக்குள் கடந்துவிட்டோம். சாந்தி நித்திரை. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மடுச் சந்தியில் பஸ் நின்றபோது ஒரு அம்மா சிரட்டையால் அளந்து பாலைப்பழம் விற்றார். அரைப் பை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குக் கொடுத்தபோது உதட்டில் எண்ணெய் பூசிவிட்டுத்தான் கொடுத்தேன்.

நீ மார்கழியில் வரலாம் என்று எழுதியிருந்தாய். கோயில், கலியாணவீடு, சொந்தக்காரர் என்று அந்த மூன்று கிழமையும் போய்விடும், எனக்கு உன்னோடு ஒரு நாளும் கிடைக்காது. அடுத்த வருஷம் ஆனியில் வா. பாலை பழுக்கிற நேரம் அதுதான், ஆடிக்குப் பிறகு பழம் இருக்காது. பெரிய சூட்கேஸ் வேண்டாம், முதுகில் போடுகிற பை ஒன்று, வெளிர்நிறப் பருத்தி உடுப்பு இரண்டு, ஒரு தொலைநோக்கி. பஸ் உனக்குக் கஷ்டம் என்றால் அநுராதபுரம் வரைக்கும் ரயிலில் போகலாம். சாந்தியும் வருவாள். அந்தச் சாரதியின் இலக்கத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.

போகிற வழியில் மாங்குளத்தில் இறங்கி மல்லாவிக்கும் ஒருக்கால் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. தேக்கிலையில் பழம் கொண்டுவந்த அந்தப் பையனின் முகம் எனக்கு அப்படியே நிற்கிறது, வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. பெயர் மட்டும் எவ்வளவு யோசித்தும் வருகுதில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் உடனே எழுது.

அன்புடன்,
கலா